காலை ஆறு மணி விரால் நிலவரம்

“தண்ணி எத்தனை பாகம் மாப்பிளை?”

மாமனார் ஜெஸ்டின் இப்படிக் கேட்பார் என்று கிளாட்வின் எதிர்பார்க்கவில்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கம் நெடுங்குளத்தில் விரால் நன்றாகக் கடிக்கிறதாம் என்று அவன் சொன்னது ஒரு பேச்சுக்குத்தான். கேட்டுச் சிரிப்பார், பிறகு மெல்ல மெல்ல ஆசை காட்டலாம் என்று நினைத்திருந்தான். ஆனால் முப்பத்திரண்டு வருடம் சரக்குக் கப்பல்களில் இருந்து, தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவனான போசனாக ஓய்வு பெற்றவர், ஆழம் கேட்காமல் எதிலும் இறங்குவதில்லை.

“பாகமா?”

“ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம். இதுகூடத் தெரியாமலா துறைமுகத்துல வேலை பாக்கீரு?”

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளாட்வின் பார்ப்பது சுங்கக் காகிதங்கள் தயார் செய்யும் ஆபீஸ் வேலை. அவனுக்குத் தெரிந்த ஆழமெல்லாம் மேஜை டிராயரின் ஆழம்தான்.

“ஒன்றரைப் பாகம் மாமா.”

“காத்து?”

“கச்சான்.” செப்டம்பரில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்றின் பெயரைச் சொல்ல யாரையும் கேட்க வேண்டியதில்லை.

“எத்தனை மணிக்குக் கடிக்குது?”

“ஏழுல இருந்து ஒம்பது.”

ஜெஸ்டின் பாதி தோசையை விட்டுவிட்டு எழுந்தார். நீல அட்டை போட்ட டைரியைக் கொண்டுவந்து ஆழம், காற்று, நேரம் மூன்றையும் எழுதிக்கொண்டார்.

“குளத்து மீனு சேத்துல புரளுத சாதிதான். இருந்தாலும் பாப்போம். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நிலவரம் சொல்லும். ஆறுன்னா ஆறு. ஆறு அஞ்சு இல்லை.”

சமையலறை வாசலில் மாமி பிளாரன்ஸ் தோசைக் கரண்டியோடு நின்றிருந்தாள். அவள் முகம் வாடியிருந்தது.

கிளாட்வின் படுக்கையறைக்குள் நுழைந்தான். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த அனிஷா, வீங்கிய கால்களைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எட்டாவது மாதம்.

“என்னங்க சொன்னாக?”

“ஆழம் கேக்காரு.”

“அப்ப ஆசை வந்துட்டு!” என்றாள் அவள்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை கப்பல் ஏசண்ட் அற்புதமணி போன் செய்திருந்தார். ஒரு கப்பலில் போசன் இடம் காலியாம். ஒன்பது மாத ஒப்பந்தம். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சம்மதம் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெற்று நாலு மாதமே ஆன ஜெஸ்டின், கேட்டதிலிருந்து வராந்தாவில் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தார்.

“நான் பொறந்தப்ப அப்பா பிரேசில்ல. சின்னதுல கோயில்ல புதுநன்மை வாங்குனப்ப சிங்கப்பூர்ல. காலேஜ் முடிச்சப்ப எங்கனன்னு அவுகளுக்கே தெரியாது, நடுக்கடலாம். எம் பிள்ளை பொறக்கும்போதாவது இங்கன இருக்கட்டும். அம்மாவைப் பாருங்க, மூணு நாளா மாதா கோயில்ல முழங்கால்ல நிக்காக. நீங்க ஏதாவது பண்ணி அப்பாவை நிறுத்துங்க. இல்லேன்னா பிள்ளைக்குப் பேரு வைக்கிறதுல உங்களுக்குப் பேச்சே கிடையாது.”

கடற்கரைக்கு அழைத்துப்போனால் கப்பல் கண்ணில் படும். ஆகவே கடலுக்கு முதுகைக் காட்டி மனிதரை எங்காவது உட்காரவைக்க வேண்டும். அப்படி யோசித்துத்தான் கிளாட்வின் குளத்துக்கு வந்து சேர்ந்தான்.

ஏதாவது செய்துதான் ஆகவேண்டும் என்பதற்கு அந்த வீடே சாட்சி. ஜெஸ்டினுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. துரு பிடித்ததைச் சுரண்டுவதும் சுரண்டியதற்குப் பெயின்ட் அடிப்பதும்தான் போசன் வேலை. வந்த முதல் வாரம் வாசல் கேட்டுக்குச் சாம்பல் நிறம் அடித்தார். அடுத்து ஜன்னல் கம்பி, கிரைண்டர், அம்மிக்கல். மசாலா டப்பாக்களுக்கு ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண் போட்டார். புயல் வந்தால் சாயக்கூடாது என்று பிரிட்ஜை ஜன்னலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். அது மாலுமி முடிச்சு. பால் எடுக்க வேண்டுமென்றால் பிளாரன்ஸ் அவரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து அவிழ்ப்பார். அவிழ்க்கும் விதத்தை விளக்குவார். மறுபடி கட்டுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் காலை ஆறு மணிக்கு நிலவரம் சொல்ல வேண்டும்.

அன்று மதியம் கிளாட்வின், லாரி எடைமேடையில் வேலை பார்க்கும் சுடலைக்கண்ணனைத் தேடிப் போனான். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்துக்காரன். குளத்தில் நீந்தி வளர்ந்தவன்.

“நெடுங்குளத்துல இப்ப என்னலே கடிக்குது?”

“கொசு.”

“வெளையாடாதலே. தெனமும் காலையில ஆறு மணிக்கு எனக்கு நிலவரம் வேணும்.”

“ஆறு மணிக்கு நானே நிலவரம் இல்லாமத்தான் கெடப்பேன்” என்றான் சுடலைக்கண்ணன்.

அதனால் வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, சொந்த வீட்டில், பல் கூடத் துலக்காமல், கிளாட்வின் தானே நிலவரம் தயாரித்தான். முதல் மணியிலேயே போன் எடுக்கப்பட்டது.

“சொல்லும்.”

“தண்ணி அப்படியேதான் மாமா. விரால் கொஞ்சம் மந்தம். ஜிலேபி நல்லாக் கடிக்குது.”

ஜெஸ்டின் டைரியில் எழுதும்போது சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவார். “ஜிலேபி... நல்லா... கடிக்குது.”

பின்னணியில் பாத்திரம் விழும் ஓசை. பிறகு பிளாரன்ஸின் குரல்: “எவன் அவன், உங்களுக்கு விடியக்காலையில ஜிலேபி வாங்கித் தாரது? சர்க்கரை இப்பத்தான் எறங்கியிருக்கு. அதைக் கெடுக்கப் பாக்கீங்களா?”

“ஏளா, மீனு! குளத்து மீனுக்குப் பேரு ஜிலேபி!”

“ஆமா. கடல்ல லட்டு நீந்துது, நான் பாத்தேன்.”

ஏழு மணிக்குக் குளத்தில் இருப்பதாகத் திட்டம். ஆறரைக்கு கிளாட்வின் பைக்கோடு வந்தபோது, பிளாரன்ஸ் இடியாப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தினமும் நாலரைக்கு எழுகிறவள், அன்றைக்கென்று பிந்திவிட்டாள். இடியாப்பம் வெந்தபின் தேங்காய்ப்பால் இல்லை என்று ஞாபகம் வந்தது. தேங்காய் துருவியபின் பிளாஸ்க் மூடியைக் காணவில்லை.

‘பாவம், கவலையில் கை ஓடவில்லை’ என்று நினைத்துக்கொண்டான் கிளாட்வின்.

நெடுங்குளத்தை அடைந்தபோது மணி எட்டேமுக்கால். கரைமேல் ஏறி நின்று ஜெஸ்டின் குளத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நடுக்குளத்தில் ஏழெட்டு எருமைகள் படுத்திருந்தன.

“மாப்பிளை.”

“மாமா.”

“ஒன்றரைப் பாகம்னா ஒம்பது அடி.”

“ஆமா மாமா.”

“எருமை படுத்திருக்கு. முதுகு நனையல.”

“கார் நெல்லுக்கு நேத்து மடையைத் திறந்துட்டாங்கன்னு நினைக்கேன்” என்றான் கிளாட்வின். கார் அறுவடை முடிந்து வயல்களில் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தது அவர் கண்ணுக்குத் தெரியாமலிருக்க வேண்டுமே என்று, அவரை மெல்ல வேறு பக்கம் திருப்பினான்.

ஜெஸ்டின் பையைத் திறந்தார். சுறாவுக்குப் போடும் தூண்டில் முள், ஆள்காட்டி விரல் நீளம். நைலான் நரம்பு, இழுத்தால் பைக்கே வரும். இரைக்கு ஐஸ் டப்பாவில் கணவாய்.

மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். “அண்ணாச்சி, முதலைக்கா போடுதீக?”

“விராலுக்கு” என்றார் ஜெஸ்டின் விறைப்பாக.

“விரால் தவளைக்கு வரும். மத்ததெல்லாம் மண்புழுவுக்கு வரும். கணவாயைக் கண்டா எங்க ஊரு மீனு பயந்துல்லா போவும்!”

மூன்றாவது வீச்சில் முள் ஓர் எருமையின் கழுத்துக் கயிற்றில் மாட்டியது. எருமை எழுந்து நடந்தது. ஜெஸ்டினும் கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். அன்று அவர் பிடித்தது அது ஒன்றுதான்.

நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அற்புதமணியின் போன் வந்தது. “ஞாபகம் இருக்கு. சனிக்கிழமை மத்தியானம். சொல்லிருதேன்” என்றார் ஜெஸ்டின். போனை வைத்தவர் கிழக்கே, கடல் இருக்கும் திசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“என்னதான் சொல்லும். கடல்தான் மாப்பிளை கடல்.”

கிளாட்வின் அவசரமாகப் பைக்கைத் திருப்பினான்.

வீட்டுக்குத் திரும்பியதும் பிளாரன்ஸ் அவனைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டாள். அங்கே வீட்டு வேலைக்கு வரும் இசக்கியம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“மாமா என்ன முடிவுல இருக்காக?” பிளாரன்ஸின் குரல் நடுங்கியது.

“கடல்தான் கடல்ங்காரு மாமி.”

பிளாரன்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின.

“அழாதீங்க மாமி. இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நான் விடமாட்டேன்.”

“வேண்டாம் மாப்பிளை! நீரு ஒண்ணும் செய்யாதேயும். உமக்கு ஆபீஸ் சோலி கெடக்கு. எல்லாத்தையும் மாதா பாத்துக்கிடுவா.”

எவ்வளவு பெரிய மனது! தன் துக்கத்தில்கூட மருமகனின் ஆபீஸை நினைக்கிறாளே. இந்த அம்மாளுக்காகவாவது மாமனாரைக் கரையில் கட்டிப்போட வேண்டும் என்று கிளாட்வின் அப்போதே முடிவு செய்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கே எழுந்து, அலங்காரமாக ஒரு நிலவரம் தயாரித்து வைத்திருந்தான். ஆறு மணி ஆயிற்று. இவன் அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமனார் எடுக்கவில்லை.

பத்து மணிக்கு அவன் எடைமேடையில் இருந்தான். ஏறி நின்ற லாரியைக்கூடப் பார்க்காமல் சுடலைக்கண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நாளைக்குக் காலையில எங்க மாமாவுக்கு ஒரு மீனு கடிச்சே ஆகணும். இல்லேன்னா அவரு கப்பல் ஏறிருவாரு, எம் பொண்டாட்டி என்னைக் குளத்துல இறக்கிருவா.”

சுடலைக்கண்ணன் யோசித்தான். “தாமரைக்குளத்துல இடுப்பளவு தண்ணி கெடக்கு. கரையோரமா சம்புக் கோரை ஆள் உயரத்துக்கு நிக்கி. நான் உள்ள ஒளிஞ்சு நிக்கேன். நீ அங்கன தூண்டிலைப் போட வை. மீனை நான் மாட்டி விடுதேன்.”

“மீனு?”

“அதை என்கிட்ட விடு. உங்க மாமா பெரிய மனுசன். அவுக மரியாதைக்குத் தகுந்த மீனாப் போடுதேன்.”

சனிக்கிழமை ஏழு மணிக்கு கிளாட்வின் போனபோது, பரணில் கிடந்த பெரிய பெட்டி வராந்தாவுக்கு இறங்கியிருந்தது. பிளாரன்ஸ் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மூலை முடுக்கெல்லாம் துடைத்தாள். கணவன் சொன்னால் தட்டத் தெரியாத பெண் என்று கிளாட்வின் மனம் நொந்தான்.

“கடைசியா ஒரு தடவை மாமா. தாமரைக்குளம். தண்ணி இடுப்பளவு, நானே விசாரிச்சுட்டேன்.”

“உம்ம நிலவரத்தைக் கேட்டா எருமைதான் மேய்க்கலாம்.”

“பதினோரு மணிக்குள்ள வந்துரலாம்.”

“வெயில் ஏறுது, இன்னைக்கு எதுக்கு மாப்பிளை?” என்றாள் பிளாரன்ஸ் பெட்டியிலிருந்து தலை தூக்காமலே. “போற நேரத்துல மேலுக்கு ஏதாவது வந்துட்டா?”

ஜெஸ்டின் கொஞ்சம் தயங்கினார். பிறகு பையை எடுத்தார். “நாலு மாசம் கரையில இருந்து ஒரு மீனுகூடப் பிடிக்கலேன்னா கப்பல்ல பயலுவ சிரிப்பானுவ. வாரும்.”

தாமரைக்குளத்தில் தண்ணீர் இருந்தது. அது அவனுக்குப் பாதி உயிரைத் தந்தது. “அந்தச் சம்பு ஓரமாப் போடுங்க மாமா” என்றான். ஜெஸ்டின் போட்டார். இருவரும் உட்கார்ந்தார்கள்.

சம்பு தும்மியது.

“என்ன சத்தம்?”

“நீர்க்கோழி மாமா.”

“நீர்க்கோழிக்குச் சளி பிடிச்சிருக்கும் போல” என்றார் ஜெஸ்டின்.

அடுத்த நிமிடம் நரம்பு ஆடியது. ஒரு வெட்டு. இன்னொன்று. மூன்றாவது வெட்டில் கம்பு வளைந்தது.

“கடிச்சிட்டு! மாப்பிளை, கடிச்சிட்டு!”

அந்த முகத்தை கிளாட்வின் அதுவரை பார்த்ததில்லை. மீசை நரைத்த ஒரு பத்து வயதுப் பையன் போல் ஜெஸ்டின் கரையில் குதித்தார். செருப்பு ஒன்று தண்ணீரில் போயிற்று. “பெருசு! நல்ல பெருசு! இழுக்கான் பாரும்!” என்று கத்திக்கொண்டே சுற்றினார். தண்ணீரை விட்டு மீன் மேலே வந்தது.

ஜெஸ்டினின் கை நின்றது.

இளஞ்சிவப்பு மினுமினுப்போடு ஒன்றரைக் கிலோ விளைமீன். கிழக்குக் கடலில் பாறைகளுக்கிடையே வாழும் மீன். துடிக்கவில்லை. செவுளில் ஒரு துண்டு ஐஸ் ஒட்டியிருந்தது.

விராலைத் தந்திருந்தால் மாமனாருக்கு விரால் எது, கெளுத்தி எது என்று தெரிந்திருக்காது. உலகத்திலேயே அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய மீனைத் தேடிப்பிடித்து மாட்டியிருக்கிறான் சுடலைக்கண்ணன். கிளாட்வின் கண்ணை மூடிக்கொண்டான்.

“மாப்பிளை.”

“மாமா.”

“இந்த விளைமீனு ஆத்தை எதிர்த்து நீந்தி வந்துச்சா, இல்ல பஸ் பிடிச்சு வந்துச்சா?”

ஜெஸ்டின் சம்புப் பக்கம் திரும்பினார். “நீர்க்கோழி! வெளிய வா.”

சம்பை விலக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், தலையில் பாசியோடு சுடலைக்கண்ணன் வந்தான்.

“கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. கடல்ல பொழங்குன மனுசனுக்குப் போயிக் குளத்து மீனைக் குடுக்கக் கூச்சமா இருந்துச்சு. தூத்துக்குடி மார்க்கெட்டுல நல்ல மீனாப் பாத்து வாங்கினேன்.”

“எவ்வளவு நேரமா தண்ணியில நிக்க?”

“ஆறரைல இருந்து.”

ஜெஸ்டின் கரையில் உட்கார்ந்துவிட்டார். மீன் மடியில் கிடந்தது. கிளாட்வின் நடந்ததையெல்லாம் சொன்னான். ஒன்றரைப் பாகத்தில் தொடங்கி, அனிஷா கெஞ்சியது, மாமி கோயிலில் முழங்காலில் நின்றது வரை. சொல்லி முடித்ததும் ஜெஸ்டின் மீன் வாயிலிருந்து முள்ளை மெல்லக் கழற்றினார்.

“முப்பத்திரண்டு வருசம். ஒவ்வொரு தடவையும் வழியனுப்ப வீடு நெறைய ஆளு வரும். கையை ஆட்டுவாக. போகாதேன்னு சொல்லி ஒருத்தரும் தண்ணிக்குள்ள நின்னதில்ல மாப்பிளை.”

அவர் மூக்கை உறிஞ்சினார். போனை எடுத்தார்.

“அற்புதமணி, வேற ஆளைப் பாரும். நான் வரல.”

“அண்ணாச்சி, வீட்டுல கேட்டுட்டுத்தான் சொல்லுதீங்களா?” என்றார் ஏசண்ட். குரலில் ஏனோ பயம் இருந்தது.

“அவகிட்ட கேட்டா அழுவா. அதான் நானே முடிவு பண்ணிட்டேன்.”

திரும்பும் வழியெல்லாம் ஜெஸ்டின் பைக்கின் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தார். பேரப்பிள்ளைக்குத் தொட்டில் செய்ய வேண்டும். அதற்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். வீடு முழுக்கவே இன்னொரு தடவை அடித்தால் நன்றாக இருக்கும். சமையலறை அலமாரியைச் சுவர் மாற்றி வைக்க வேண்டும். கிளாட்வின் எல்லாவற்றுக்கும் “ஆமா மாமா” சொன்னான். மனது காற்றில் பறந்தது.

வராந்தாவில் ஏறியதும் ஜெஸ்டின் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

“பிளாரன்ஸ்! நான் கப்பல் ஏறல.”

உள்ளேயிருந்து அனிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சிரித்தாள், அழுதாள், கணவனைப் பார்த்துக் கண்ணடித்தாள். பெயர் வைக்கும் உரிமை கிடைத்துவிட்டது.

பிளாரன்ஸ் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்தாள்.

“நெசமாவா சொல்லுதீங்க?”

“நெசமா. ஏசண்ட்கிட்டயும் சொல்லிட்டேன். இனிமே ஒருநாளும் உன்னை விட்டு எங்கயும் போகமாட்டேன் ஏளா.”

பிளாரன்ஸின் கண்களிலிருந்து மளமளவென்று நீர் கொட்டியது. வாய் திறந்தது, சொல் வரவில்லை. முப்பது வருடம் கடலுக்குக் கொடுத்த கணவனைத் திரும்பப் பெற்ற ஒரு பெண் அழும்போது, மருமகன் நின்று பார்ப்பது மரியாதையில்லை. கிளாட்வின் மீனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு நழுவினான்.

இசக்கியம்மாள் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தாள். செதிள் பறந்தது. கிளாட்வினுக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது.

“உள்ள பாத்தீங்களா? மாமி சந்தோசத்துல பேச்சே வராம அழுதாங்க. எல்லாம் நம்ம வேலைதான்.”

இசக்கியம்மாளின் கை நின்றது. அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“அட பாவி மனுசா! மூணு மாசமா ஏசண்ட் ஆபீசுக்கு நடையா நடந்து, அந்தக் கப்பல் வேலையை ஐயாவுக்கு வாங்கிக் குடுத்ததே அம்மாதானே தம்பி!”